லித்தியம் பேட்டரி எத்தனை டிகிரி வரை தாங்கும்?

மொட்டை மாடியில் வானிலைக் கருவி வைப்பவர்கள், வயலில் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் நடுபவர்கள், கல்லூரியில் சிறு மின்னணுக் கருவிகளைச் செய்து பார்க்கும் மாணவர்கள் என்று யாரிடம் பேட்டரியைப் பற்றிப் பேசினாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று: "லித்தியம் பேட்டரியை வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்." மற்றொன்று: "60 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது, கவலைப்படாதே." முதலாவது வீண் பயத்தைத் தருகிறது. இரண்டாவது வீண் தைரியத்தைத் தருகிறது. அதனால் அது அதிக ஆபத்தானது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம். பேட்டரிக்கு ஒரே ஒரு வெப்ப எல்லை இருப்பதாகவும், அந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும் என்றும் நினைத்துவிடுகிறோம். உண்மையில் சார்ஜ் செய்யும்போது ஓர் எல்லை, மின்சாரம் எடுக்கும்போது வேறோர் எல்லை, சும்மா வைத்திருக்கும்போது இன்னோர் எல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, தாண்டினால் திரும்பி வர முடியாத எல்லை ஒன்று. அது மட்டுமன்றி, எந்த வகை லித்தியம் பேட்டரி என்பதைப் பொறுத்து இந்த எண்கள் அனைத்தும் மாறும்.

முதலில் எந்தப் பேட்டரி?

பேட்டரியின் அடிப்படை அலகு செல். ஒரு செல்லையோ, பல செல்களைச் சேர்த்த தொகுப்பையோ பேட்டரி என்கிறோம். லித்தியம் செல்கள் இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிகின்றன.

முதல் குடும்பம் லித்தியம் அயனி. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யலாம். 1991-இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கைப்பேசியில் இருப்பது, 18650 என்ற எண்ணில் விற்கும் உருளை செல், வெள்ளி நிறப் பையைப் போன்ற தட்டையான 'பவுச்' செல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதிலேயே நேர்முனையில் பூசப்படும் பொருளைப் பொறுத்து உட்பிரிவுகள் உண்டு. கோபால்ட் ஆக்சைடு ஒரு வகை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த ஆக்சைடு இன்னொரு வகை. இரும்பு பாஸ்பேட் மூன்றாவது வகை. இதைக் கடைகளில் எல்.எஃப்.பி. என்பார்கள். முதல் இரண்டும் முழு சார்ஜில் பொதுவாக 4.2 வோல்ட் காட்டும். எல்.எஃப்.பி. 3.65 வோல்ட்டோடு நின்றுவிடும்.

இரண்டாவது குடும்பம் சார்ஜ் செய்யவே கூடாத லித்தியம் செல்கள். கணினியின் தாய்ப் பலகையில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவச் செல் இதில் சேரும். மின் மீட்டர்களிலும் தண்ணீர் மீட்டர்களிலும் பல ஆண்டுகள் உழைக்கும் தயோனைல் குளோரைடு செல்லும் இந்தக் குடும்பமே. இவற்றின் உள்ளே லித்தியம் தூய உலோகமாகவே இருக்கிறது. லித்தியம் அயனி செல்லில் அப்படி இல்லை. அங்கே லித்தியம் அயனிகளாக இரு முனைகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும்.

கையில் உள்ள செல் எந்தக் குடும்பம் என்று தெரியாமல் அதன் வெப்ப எல்லையைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. ஆகவே எழுதியிருக்கும் எண்ணை முதலில் படியுங்கள். எண் எதுவும் இல்லாத செல்லை வாங்காதீர்கள். 18650 அளவில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கும் செல்களையும் ஒதுக்கிவிடுங்கள். அந்த அளவில் நல்ல செல் தருவது ஏறத்தாழ 3500 மட்டுமே. கொள்ளளவில் இவ்வளவு பெரிய பொய் சொல்கிறவர், வெப்ப எல்லையில் உண்மை சொல்வார் என்று நம்ப வழியில்லை.

செல்லின் உள்ளே

லித்தியம் அயனி செல்லில் நான்கு பகுதிகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். நேர்முனை மேலே சொன்ன ஆக்சைடு அல்லது பாஸ்பேட். எதிர்முனை பெரும்பாலும் கிராஃபைட். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் நிற்பது 'செப்பரேட்டர்' என்கிற பிளாஸ்டிக் படலம். தடிமன் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதன் நுண்துளைகளை நிரப்பியிருப்பது அயனிகள் நீந்திச் செல்லும் திரவமான மின்பகுளி. இந்தத் திரவம் கரிமக் கரைப்பான்களால் ஆனது, நன்றாக எரியக்கூடியது.

சார்ஜ் ஏற்றும்போது அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. மின்சாரம் எடுக்கும்போது திரும்பி வருகின்றன. புதுச் செல்லை முதன்முறை சார்ஜ் செய்யும்போது கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது. மின்பகுளி கிராஃபைட்டோடு நேரடியாக வினைபுரிந்து கெட்டுப்போகாமல் தடுப்பது இதுதான். செல் வாழ்வதும் சாவதும் இந்தப் படலத்தின் நலத்தைப் பொறுத்தது.

சூடு உள்ளிருந்தே பிறக்கிறது

நன்றாகக் காயாத வைக்கோலை அவசரப்பட்டுப் பெரிய போராகப் போட்டால் என்ன நடக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சில நாட்களில் போருக்குள் கையை நுழைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். சில சமயம் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். காரணம் வெயில் அல்ல. ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் போரின் நடுவில் தேங்குகிறது. சூடு கூடக் கூட வைக்கோலே காற்றோடு வினைபுரியத் தொடங்கி மேலும் சூட்டைத் தருகிறது. அதே வைக்கோலைக் களத்தில் பரப்பி வைத்தால் ஒன்றும் ஆகாது. உண்டாகும் வெப்பம் அப்போதைக்கப்போது காற்றில் போய்விடும்.

லித்தியம் செல்லின் பாதுகாப்பும் இந்த ஒரே கணக்கில்தான் நிற்கிறது: உள்ளே எவ்வளவு வெப்பம் பிறக்கிறது, எவ்வளவு வெளியேறுகிறது. நுண்ணுயிர்களுக்குப் பதில் இங்கே வேதிவினைகள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலில் பயன்படும் ஒரு தோராயக் கணக்கு. ஆனால் செல்லின் மேற்பரப்பிலிருந்து வெப்பம் வெளியேறும் அளவு அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஏதோ ஒரு புள்ளியில் பிறக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை முந்துகிறது. அதன் பிறகு வெளியிலிருந்து எந்தச் சூடும் தேவையில்லை. செல் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டே போகும். இந்த நிலைக்கு 'தெர்மல் ரன்அவே' என்று பெயர்.

அது படிப்படியாக நடக்கும் விதம் இது. செல்லின் உள்வெப்பம் 80 முதல் 120 டிகிரிக்குள் போகும்போது கிராஃபைட்டின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கி, தன் பங்குக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. 130 டிகிரியை ஒட்டி பாலிஎதிலீனால் ஆன செப்பரேட்டர் உருகுகிறது. பாலிபுரொப்பிலீன் என்றால் 165-ஐ ஒட்டி. செப்பரேட்டர் போனால் இரு முனைகளும் உள்ளேயே தொட்டுக்கொள்ளும். சேமித்து வைத்த மின்சாரம் முழுவதும் அந்த இடத்தில் வெப்பமாக மாறும். பிறகு நேர்முனைப் பொருள் சிதைகிறது. கோபால்ட் ஆக்சைடு ஏறத்தாழ 150 டிகிரியிலும், நிக்கல் கலந்த வகை 210-ஐ ஒட்டியும், இரும்பு பாஸ்பேட் 270-ஐ ஒட்டியும் கட்டுப்பாட்டை இழக்கின்றன. ஆக்சைடு வகைகள் சிதையும்போது ஆக்சிஜனையும் வெளியிடும். எரியும் திரவம், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் மூடிய உலோகக் குடுவைக்குள்ளேயே கூடிவிடுகின்றன. லித்தியம் பேட்டரித் தீயை மூடி அணைப்பது கடினமாக இருப்பதற்கு இதுதான் காரணம். எல்.எஃப்.பி. வகை ஆக்சிஜனை எளிதில் விடுவதில்லை; அதைப் பாதுகாப்பானது என்று சொல்வதன் வேதியியல் அடிப்படை அது.

செல்லில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதும் முக்கியம். முழுதாக நிரம்பிய செல் சீக்கிரமே கட்டுமீறும், கட்டுமீறினால் சீற்றமும் அதிகம். சரக்காகத் தனியே அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றக்கூடாது, சரக்கு விமானத்தில் அனுப்பினாலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் கட்டாயமாக்கியது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெளியே எவ்வளவு சூடு என்பதைவிட, செல்லுக்குள் பிறக்கும் சூடு வெளியேற முடிகிறதா என்பதே கேள்வி. வெளிச்சூடு அந்த வெளியேற்றத்தைத் தடுக்கிறது, உள்வினைகளைத் துரிதப்படுத்துகிறது. தனியாக அது செல்லைக் கொளுத்துவதில்லை.

வெயில்தான் குற்றவாளியா?

2013 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில் லித்தியம் அயனி பேட்டரி ஒன்று தீப்பிடித்தது. ஜனவரி மாத பாஸ்டன் உறைகுளிர் ஊர். அங்கே வெயிலைக் குற்றம் சொல்ல வழியில்லை. எட்டு செல்கள் கொண்ட அந்தப் பேட்டரியில் ஒரு செல்லின் உட்புறத்தில் ஏற்பட்ட குறுக்குச்சுற்று அடுத்தடுத்த செல்களுக்கும் பரவியது என்று அமெரிக்க விசாரணை அமைப்பு முடிவுக்கு வந்தது. 787 விமானங்கள் அனைத்தும் தரையிறக்கப்பட்டன. பிறகு செல்களுக்கு இடையே கூடுதல் காப்பு, முழுப் பேட்டரிக்கும் எஃகுப் பெட்டி, வாயுக்கள் விமானத்துக்கு வெளியே போகக் குழாய் ஆகியவற்றைச் சேர்த்த பின்பே மீண்டும் பறந்தன.

2022 கோடையில் இந்தியாவில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றின. வேலூரில் இரவில் சார்ஜில் போட்டிருந்த வண்டி எரிந்து, அந்தப் புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அப்போதும் பலர் உடனே வெயிலைக் கைகாட்டினார்கள். அந்த விபத்து நடந்தது இரவில். அதன்பின் அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற தர விதிகளைத் திருத்தி 2022 டிசம்பர் முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செல்லின் தரம், சார்ஜர், பேட்டரியைக் கண்காணிக்கும் சுற்று, ஒரு செல்லின் தீ மற்றவற்றுக்குப் பரவாமை ஆகியவற்றைத்தான் அந்தத் திருத்தங்கள் இறுக்கின. வெயிலை மாற்ற யாராலும் முடியாது. வெயில் அடிக்கும் நாட்டில் எப்படிப்பட்ட பேட்டரியை எப்படி வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. பழியை வெயில் மேல் போட்டுவிட்டால் அந்தப் பொறுப்பு யாருடையதும் இல்லாமல் போய்விடும் என்பதுதான் என் வருத்தம்.

அப்படியென்றால் வெயில் என்ன செய்கிறது?

வெயில் செல்லை முதுமையடைய வைக்கிறது. 50, 60 டிகிரியில் செல் எரிவதில்லை. ஆனால் காப்புப் படலம் வேகமாகத் தடித்துக்கொண்டே போகிறது. அதற்காகப் பயனுள்ள லித்தியத்தையும் மின்பகுளியையும் தின்கிறது. கொள்ளளவு குறைகிறது. உள்மின்தடை கூடுகிறது, அது கூடினால் அதே மின்னோட்டத்துக்கு முன்பைவிட அதிக வெப்பம் பிறக்கும். மின்பகுளி சிதைந்து வாயுவாகிறது. பவுச் செல் உப்புவது இந்த வாயுவினால்தான்.

முழு சார்ஜில் வைத்துச் சூட்டில் விடுவது இந்த முதுமையை மிகவும் விரைவுபடுத்தும். பாதி சார்ஜில் நிழலில் வைத்த செல்லும், 4.2 வோல்ட்டில் பிடித்து வைத்து வெயிலில் காய்ந்த செல்லும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் ஓராண்டில் வேறு வேறு செல்களாகிவிடும். முதுமையடைந்த செல் சூடாகவும் ஆகி, அதற்கு மேல் சார்ஜும் ஏறும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத விபத்து தயாராகிறது.

மூன்று எண்களையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்

தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் சாதாரண லித்தியம் அயனி செல்லுக்குப் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மின்சாரம் எடுக்க மைனஸ் 20 முதல் 60 டிகிரி வரை, சார்ஜ் செய்ய 0 முதல் 45 டிகிரி வரை, நீண்டநாள் வைத்திருக்க அறை வெப்பநிலையை ஒட்டி. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த 60-ஐ மட்டும். நம் ஊரில் பெரும்பாலும் மீறப்படுவது 45.

பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பின்னாளில் அது செப்பரேட்டரைத் துளைக்கலாம். லடாக்கில் கருவி வைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. சமவெளியில் இருப்பவர்களுக்குக் கவலை மேல் எல்லைதான்.

இந்த 45 டிகிரி செல்லின் வெப்பநிலை, காற்றினுடையது அல்ல. செய்தித்தாளில் வரும் வெப்பநிலை, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் அளந்தது. கத்திரி வெயிலில் வேலூரில் 42 டிகிரி என்று செய்தி வந்தால், அதே நேரத்தில் மொட்டை மாடியில் நேர் வெயிலில் இருக்கும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60-ஐத் தாண்டுவது சாதாரணம். நிறுத்திய காரின் முன்பலகை 70 டிகிரியை எட்டும். கார்களில் பொருத்தும் கேமராக்கள் பலவற்றில் லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கப்பாசிட்டர் வைக்கிறார்கள். அதில் சேமிக்க முடிவது சில விநாடிகளுக்கான மின்சாரமே. பதிவை முடித்து மூட அது போதும், சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

இப்போது சூரியத் தகடு பொருத்திய சென்சார் பெட்டியை எண்ணிப் பாருங்கள். தகடு அதிக மின்சாரம் தருவது நண்பகலில். பெட்டி அதிகம் சூடாவதும் நண்பகலில். அதாவது செல் சார்ஜ் ஆகவே கூடாத வேளையில்தான் அதற்குள் முழு வேகத்தில் சார்ஜ் ஏறுகிறது. மாலைக்குள் முழுதாக நிரம்பி, அடுத்த நாள் காலை முதல் நிரம்பிய நிலையிலேயே மறுபடி வெயிலில் காய்கிறது. இத்தகைய பெட்டிகளில் பேட்டரி முதல் கோடையிலேயே உப்பிப்போவதற்கு வேறு மர்மக் காரணம் எதையும் தேட வேண்டியதில்லை.

நீலப் போர்டு தரும் பொய்யான நிம்மதி

மாணவர்கள் மிகுதியாக வாங்குவது டி.பி. 4056 என்ற சிப் உள்ள சிறு நீலநிறச் சார்ஜர் போர்டு. விலை குறைவு, வேலையும் நன்றாகச் செய்யும். அதில் பாதுகாப்புச் சுற்றும் இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் சுற்று பார்ப்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மட்டுமே. செல்லின் வெப்பநிலையை அது பார்ப்பதில்லை.

சிப்பில் வெப்பத்தை அறிய ஒரு கால், அதாவது இணைப்பு முனை, இருக்கிறது. அதில் தெர்மிஸ்டரை, அதாவது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சிறு பாகத்தை, செல்லோடு ஒட்டி இணைத்தால் சூடு மிகும்போது சார்ஜை நிறுத்திவிடும். பரவலாக விற்கும் போர்டுகளில் அந்தக் காலை நேராகத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, இணைத்து அந்த வசதியை முடக்கி வைத்திருக்கிறார்கள். சிப் மிகவும் சூடானால் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. அது சிப் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு, செல்லைக் காக்கும் ஏற்பாடு அல்ல.

இன்னொன்று. இந்தப் போர்டு வரும்போதே 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருக்கும். 5 வோல்ட் உள்ளே வந்து 3.7 வோல்ட்டில் உள்ள செல்லுக்குப் போகும்போது மீதி 1.3 வோல்ட்டும் சிப்பிலேயே வெப்பமாகிறது. 1 ஆம்பியருக்கு 1.3 வாட். அந்தச் சூடான போர்டின் முதுகில் பவுச் செல்லை டேப் போட்டு ஒட்டி வைப்பது எத்தனையோ கருவிகளில் காணக்கூடிய காட்சி. அத்துடன் 500 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு 1 ஆம்பியர் சார்ஜ் என்பது பொதுவாக அனுமதிக்கப்படும் அளவைவிட இரு மடங்கு. போர்டில் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி 5 கிலோ ஓம் போட்டால் சார்ஜ் சுமார் 250 மில்லி ஆம்பியராக இறங்கும். சில ரூபாயில் முடியும் இந்த மாற்றத்தால் சிப்பும் குளிரும், செல்லும் நீண்ட காலம் வாழும்.

தெர்மிஸ்டர் இணைக்க முடிகிற சார்ஜர் சிப்கள் நிறையவே கிடைக்கின்றன. 2006-இல் மடிக்கணினி பேட்டரிகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்ட பிறகு, 2007-இல் ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கமும் பேட்டரிச் சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. செல் சூடாக இருந்தால் குறைந்த மின்னழுத்தத்தோடு சார்ஜை முடித்துக்கொள், குளிர்ந்திருந்தால் மின்னோட்டத்தைக் குறை, எல்லை தாண்டினால் நிறுத்து என்பது அதன் சாரம். மின்னணுத் தொழில் சங்கத்தின் பெயரால் ஜெய்ட்டா முறை என்று அதை அழைக்கிறார்கள். வெயிலில் வைக்கும் கருவிக்கு சார்ஜர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த வசதி உண்டா என்பதுதான்.

சுருக்கமாக: பாதுகாப்புச் சுற்று இருக்கிறது என்பதும் வெப்பப் பாதுகாப்பு இருக்கிறது என்பதும் இரண்டு தனிச் செய்திகள். முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருப்பதாகக் கொள்ளக்கூடாது.

சார்ஜ் செய்யக்கூடாததற்குச் சார்ஜ் ஏற்றும் போர்டு

நேரத்தைக் காட்டும் டி.எஸ். 3231 என்ற சிப்போடு, இசட்.எஸ். 042 என்று அச்சிட்ட கடிகாரப் போர்டு ஒன்று உலகெங்கும் விற்கிறது. அதன் பின்புறத்தில் காசு வடிவச் செல்லுக்கு இடம் இருக்கும். எல்லோரும் அதில் போடுவது சி.ஆர். 2032. ஆனால் போர்டில் ஒரு 200 ஓம் ரெசிஸ்டரும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும் சேர்ந்து அந்தச் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றுகின்றன. எல்.ஐ.ஆர். 2032 என்ற சார்ஜ் செய்யக்கூடிய செல்லை மனத்தில் வைத்து அமைத்த சுற்று அது. இரண்டும் ஒரே அளவு, ஒரே தோற்றம்.

போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால் டயோடில் 0.6 போக, மீதி 4.4 வோல்ட் வரை செல்லின் மேல் ஏறி நிற்கும். 3 வோல்ட் சி.ஆர். 2032-க்கு இது நிச்சயம் கேடு. உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். எல்.ஐ.ஆர். செல்லுக்கே 4.2 தான் எல்லை என்பதால் அதற்கும் இது அதிகம். 3.3 வோல்ட்டில் போர்டை இயக்கினால் டயோடு கழிந்து 2.7 தான் மிஞ்சும் என்பதால் சார்ஜ் ஏறாது. 5 வோல்ட்டில் இயக்குபவர்கள் அந்த டயோடையோ ரெசிஸ்டரையோ கழற்றிவிட்டு சி.ஆர். 2032 போடலாம். நேரம் காக்கும் வேலைக்கு அந்த சிப் மிகச் சிறிய மின்னோட்டமே எடுப்பதால் செல் பல ஆண்டுகள் வரும்.

சொந்தமாகச் சுற்று வடிவமைப்பவர்கள், சார்ஜ் செய்யக்கூடாத செல்லுக்குள் மின்சாரம் திரும்பிப் பாயாமலிருக்க ஒரு டயோடும், அந்த டயோடு பழுதானாலும் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்க ஒரு ரெசிஸ்டரும் வைக்க வேண்டும். அமெரிக்காவின் யு.எல். பாதுகாப்பு விதிகள் இத்தகைய இரட்டைத் தடையைக் கேட்கின்றன.

சூட்டைப் பொறுத்தவரை சாதாரண சி.ஆர். செல்லுக்கு 60 டிகிரியே வழக்கமான எல்லை. வேறு வேதியியல் கொண்ட பி.ஆர். வகை 80 வரை போகும். பி.ஆர். 2330ஏ போன்றவை 125 டிகிரிக்கு என்றே செய்யப்படுகின்றன. கார் டயருக்குள் இருந்து காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரில் இத்தகைய உயர்வெப்பச் செல்களே இருக்கும். தயோனைல் குளோரைடு செல் மைனஸ் 55-இலிருந்து 85 டிகிரி வரை உழைக்கும். சிறு மின்னோட்டமே போதும் என்ற இடத்தில், சூரியத் தகடும் சார்ஜரும் இல்லாமல் இந்த ஒரு செல்லையே வைப்பது பல சமயம் சிறந்த தீர்வு. அது பென்டார்ச் செல்லின் அளவிலேயே வரும், மின்னழுத்தம் 1.5 அல்ல, 3.6 வோல்ட். மாற்றிப் போட்டால் கருவி பாழாகும்.

செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள். லித்தியம் உலோகம் 180.5 டிகிரியில் உருகிவிடும். சால்டரிங் முனை 350 டிகிரியில் இருக்கிறது. போர்டுகளைத் தொழிற்சாலையில் அடுப்பில் ஓட்டும்போதும் 250 டிகிரி வரை போகும் என்பதால் சாதாரண காசு செல்லை அதற்குப் பிறகே பொருத்துவார்கள். உலோகத் தகடு ஏற்கெனவே ஒட்டிய செல்லையோ, செல் தாங்கியையோ வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் காசு செல் இருக்கும் மூடி திருகாணியால் மூடப்பட்டதாக இருக்கட்டும். 20 மில்லிமீட்டர் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பெட்டியை எப்படி வைப்பது

பேட்டரியைச் சூரியத் தகட்டின் நிழலில் வையுங்கள், ஆனால் தகட்டோடு ஒட்டாமல் நடுவே காற்று புகும் இடைவெளி விட்டு. பெட்டி வெள்ளை நிறமாக இருக்கட்டும். சுவரில் மாட்டினால் வெயில் குறைவாகப் படும் பக்கம் நல்லது. வயலில் கம்பத்தின் உச்சியில் சென்சாரும் தகடும், கம்பத்தின் அடியில் நிழலில் பேட்டரியும் என்று பிரித்து வைக்கலாம். நாள் முழுவதும் மின்சாரம் தேவைப்படும் கருவிக்கு என் தேர்வு எல்.எஃப்.பி. தான். அதே கொள்ளளவுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும், அதற்கேற்ற 3.65 வோல்ட் சார்ஜரும் வேண்டும். நம் கோடைக்கு அந்தக் கூடுதல் இடத்தைக் கொடுப்பது நியாயமானது. சாதாரண செல்லையே வைக்க வேண்டியிருந்தால் 4.2-க்குப் பதில் 4.1 வோல்ட்டில் சார்ஜை நிறுத்தினால் கொள்ளளவில் சிறு பகுதியை இழந்து ஆயுளைக் கணிசமாகக் கூட்டலாம்.

பவுச் செல் காலப்போக்கில் சற்றுத் தடிக்கும். அதற்கு இடம் விடுங்கள். திருகாணியின் முனையோ, போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியோ அதைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை மழைக்காக முழுதும் அடைத்தாலும், உள்ளே வாயு பெருகினால் வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். நீர் புகாமல் காற்றை மட்டும் விடும் சவ்வுத் திருகுகள் இதற்கென்றே கிடைக்கின்றன.

உப்பினால், எரிந்தால்

உப்பிய செல்லைக் குத்தி வாயுவை வெளியேற்றாதீர்கள். அழுத்தி மூடாதீர்கள், மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். கருவியின் மின்சாரத்தைத் துண்டித்து, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் திறந்தவெளியில் வையுங்கள்.

லித்தியம் என்றால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பலர் சொல்வதுண்டு. லித்தியம் உலோகம் உள்ள, சார்ஜ் செய்ய முடியாத செல்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். கைப்பேசி, பவர் பேங்க் போன்ற லித்தியம் அயனி கருவிகளுக்குப் பொருந்தாது. அங்கே செய்ய வேண்டியது வெப்பத்தை எடுப்பது. அதற்குத் தண்ணீரை விடச் சிறந்தது எளிதில் கிடைக்காது. விமானப் பணியாளர்களுக்கும் கருவித் தீயில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவே கற்றுத் தருகிறார்கள். சார்ஜரின் இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். சுடர் அடங்கிய பிறகும் அடுத்த செல் பற்றக்கூடும் என்பதால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். மூடிய அறையில் அணைக்க நிற்காமல் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள்.

பழைய செல்களின் முனைகளில் டேப் ஒட்டித் தனியே சேர்த்து வையுங்கள். குப்பை வண்டியில் நசுங்கி அங்கேயே பற்றிக்கொள்ளும் செல்கள் துப்புரவுப் பணியாளர்களின் உயிருக்கு ஆபத்து. 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. வாங்கிய கடையில் கேளுங்கள். அங்கே வாங்கிக்கொள்ளாவிட்டால் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.